மே மாதத்தில் எந்தக் கடல்?

சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். மதுரையில் கடல் இல்லை. ஆனால் நாலைந்து மணி நேரம் ரயிலிலோ வண்டியிலோ உட்கார்ந்தால் கிழக்கிலும் தெற்கிலுமாக எத்தனையோ கடற்கரைகள். சிக்கலே அதுதான். அம்மாவுக்கு ராமேஸ்வரம் போதும். அப்பாவுக்கு மீன் நன்றாகக் கிடைக்கும் எந்த ஊரானாலும் சம்மதம். தங்கை வரலாறு படித்தவள், அவளுக்குத் தரங்கம்பாடி. பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் "தண்ணிக்குள்ள இறங்கலாமா, கூடாதா?" என்ற ஒரே கேள்வியால் எல்லா ஊரையும் அளக்கிறார்கள். அறையில் ஏ.சி. உண்டா என்பதோடு மனைவி நிறுத்திக்கொண்டாள். எனக்குக் குமரி மாவட்டத்து முட்டம்.

போன வருஷம் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. படம் பார்த்துப் பிடித்துப்போன ஒரு கிழக்குக் கடற்கரை விடுதியில், ஊர் பெயர் வேண்டாம், மே இரண்டாம் வாரத்தில் அறை போட்டோம். படத்தில் இருந்த கடல் அப்படியே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. காலை பத்தரைக்கு மகன் செருப்பில்லாமல் மணலில் ஓடி, பாதி வழியில் நின்று அலறினான். தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிவரை ஏழு பேரும் ஒரே அறைக்குள் சீட்டு ஆடினோம். கரண்ட் இரண்டு தடவை போனது. "இதுக்கு நம்ம வீட்லயே இருந்திருக்கலாம்" என்று அப்பா ஒருமுறைதான் சொன்னார். ஆனால் அதை நாங்கள் எல்லோரும் மனசுக்குள் பல தடவை சொல்லிக்கொண்டோம்.

அதனால் இந்த முறை நான் வைத்த முதல் கேள்வி: காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை எங்கே இருக்கப் போகிறோம்? விடியற்காலையிலும் அந்தியிலும் எந்தக் கடலும் அழகுதான். நடுவில் வரும் ஆறு மணி நேரத்துக்கு எந்த ஊர் பதில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

இரண்டாவது, காற்று. கத்திரி வெயில் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரையில், மேற்கே நிலப்பரப்பைக் கடந்து வரும் வறண்ட காற்றுதான் காலையில் வீசும். கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு கரையேற வேண்டும். சில நாள் பதினோரு மணிக்கே வந்துவிடும், சில நாள் இரண்டு மணி ஆகும். அது தாமதிக்கும் நாளில்தான் சென்னை 40 டிகிரியைத் தாண்டுகிறது. தெற்கே கதை வேறு. ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு நாலாபுறமும் கடல். குமரி முனைக்கும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, கடல் மேலிருந்தே வருகிறது. நாகப்பட்டினத்தில் மே மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 36 டிகிரிக்கு மேல். பாம்பனில் 33-ஐ ஒட்டி நிற்கும். மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம், ஆனால் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு நடப்பவருக்கு அது பெரிய தூரம். வியர்வை என்னவோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஊற்றும்.

மாமல்லபுரத்தையும் புதுச்சேரியையும் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டேன். மதுரையிலிருந்து தூரம் அதிகம். சனி ஞாயிறு வந்தால் சென்னையும் பெங்களூருவும் அங்கேதான் இறங்குகின்றன. புதுச்சேரியில் மாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டுவிடும் அந்தக் கடற்கரைச் சாலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் கல் கரை. துறைமுகம் கட்டிய பிறகு அரித்துப்போன மணலில் ஒரு பகுதியை, சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் போட்ட செயற்கைத் தடுப்பு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. பார்க்க வேண்டிய அதிசயம், டிசம்பரில். கையில் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஈழத்தின் திருகோணமலை, நிலாவெளிக் கரை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அமைதியாகக் கிடக்கும். அங்கே அடிக்கும் கச்சானை நடு மலைநாடு மறித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் இரண்டு பேருக்குத்தான்.

தரங்கம்பாடிக்குத் தங்கை நல்ல வாதம் வைத்தாள். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு அமைத்த அச்சகத்தில்தான் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. 1845-ல் டேனிஷ்காரர்கள் வங்கத்துச் செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரை ஆங்கிலேயர்களிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு ஊரையே விலை பேசியிருக்கிறார்கள் என்றதும் மகள் ஆர்வமாகக் கேட்டாள். அடுத்த நிமிடமே "குளிக்கலாமா?" என்றாள். அங்கேதான் வாதம் உடைந்தது. கோட்டைக்கு முன்னால் கரையைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். அலையும் அடித்துப் புரட்டும் அலை. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே விழுங்கிய கடல் அது. குழந்தைகளை இறக்கிவிட்டுக் கரையில் உட்கார எனக்குத் தைரியமில்லை.

நடுப்பகலுக்கு அங்கே கோட்டை இருக்கிறது, கனத்த சுவர், உள்ளே அருங்காட்சியகம், ஒரு மணி நேரம் போகும். பழைய வீதிகளில் நடந்தால் இன்னும் ஒரு மணி நேரம், ஆனால் வெயிலில். ஊருக்குள் தங்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணலாம். கையைக் கடிக்காத வாடகை வேண்டுமென்றால் காரைக்காலிலோ திருக்கடையூரிலோ தங்கிக்கொண்டு வந்து போக வேண்டும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண முகூர்த்த நாளாகப் பார்த்துப் போய் மாட்டிக்கொண்டால் அறையும் கிடைக்காது. தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே ஊரை விற்கிறார்களே, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கேடு. கடலோரத்தில் மூக்கில் ஏறும் அந்த வாசனை பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களும் பாசியும் விடும் கந்தகச் சேர்மத்தின் வாசனை. ஊருக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்த பிறகு இரண்டு பெரியவர்கள் மட்டும் போய்த் தங்க, தமிழ்நாட்டுக் கரையில் இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

மணப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழகில் அது மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று. அதன் மேல் திருச்சிலுவைக் கோயில். கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் கருமேனியாறு வந்து தேங்கும் உப்பங்கழி, மறுபக்கம் திறந்த கடல். குன்றின் மேல் நின்றால் இரண்டு நிறத் தண்ணீர் தெரியும். உடன்குடி பக்கத்திலேயே இருப்பதால் கோடையில் பதநீரும் நல்ல கருப்பட்டியும் கிடைக்கும். ஆனால் தங்குவது திருச்செந்தூரில்தான். அங்கே பள்ளி விடுமுறைக் கூட்டம், வைகாசி விசாகம் மே கடைசியில் வந்தால் கேட்கவே வேண்டாம். குன்றின் மேலோ ஒரு மரத்தடி நிழல்கூட இல்லை. காலை ஆறரைக்கு வந்து ஒன்பதுக்குக் கிளம்பிவிட வேண்டிய ஊர். வேறு எங்காவது போகிற வழியில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்கே மனசு நிறைந்துவிடும்.

இனி நிஜமான போட்டி. குமரி மாவட்டமா, ராமேஸ்வரமா?

குமரி என்றதும் எல்லோரும் முனைக்குத்தான் போகிறார்கள். நாங்களும் மூன்று தடவை போயிருக்கிறோம். 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டதால், இப்போது ஒரே படகில் இரண்டையும் பார்த்துவிடலாம். முன்பெல்லாம் சிலைப் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று பாறையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோடை விடுமுறையில் படகுக்கு நிற்கும் வரிசை வெயிலில் வளைந்து வளைந்து போகும். காலை முதல் படகைப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

முனையைப் பற்றி ஒரு விஷயத்தை விடுதிக்காரர்கள் சொல்வதில்லை. 'சூரிய உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில்' என்பது மே மாதத்துக்குப் பொருந்தாது. கோடையில் சூரியன் நேர் மேற்கில் விழாமல் வடக்கே இருபது டிகிரி அளவு ஒதுங்கி விழுகிறது. முனையிலிருந்து கரையும் ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுகிறது. ஆக, சூரியன் கடலில் இறங்குவதற்குப் பதிலாகத் தென்னந்தோப்புக்குப் பின்னால் போய் மறையும். நாங்கள் ஒருமுறை இரண்டு மணி நேரம் இடம் பிடித்து உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தோம். முட்டத்தில் அந்தக் குறை கிடையாது. அங்கே கரை இன்னும் வடக்கே திரும்பிவிடுவதால் மே மாதத்திலும் சூரியன் கடலுக்குள்தான் போகிறது. கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, கீழே பாறைகளில் மோதிப் பொங்கும் அலை. பாறை மேல் உட்கார்ந்து அந்த வெளிச்சம் அணைவதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்று புரியும்.

பத்து மணி முதல் நாலு மணிவரை என்ற கேள்விக்கும் குமரி மாவட்டம்தான் முதல் மதிப்பெண் வாங்குகிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் கட்டடம், திங்கட்கிழமை விடுமுறை. முழுக்க மரவேலை, தாழ்ந்த ஓட்டுக்கூரை, கண்ணாடிபோல் வழுவழுக்கும் கறுப்புத் தரை. உள்ளே போனால் வெளியில் மே மாதம் என்பதே மறந்துவிடும். மெல்ல நடந்தால் இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குச் சிவப்பரிசிச் சோறும் மீனும். இங்கேதான் அப்பா என் கட்சிக்கு வந்தார். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு: தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும். ஆக, மே மாதத்தில் ராமேஸ்வரத்து விசைப்படகு ஓய்வில் இருக்கும்போது குளச்சல் படகு கடலில் இருக்கும். நம் வஞ்சிரம் அங்கே நெய்மீன். சாப்பிட்டு முடித்து மட்டிப் பழம் ஒன்று.

எல்லாம் சரி, ஆனால் முட்டத்திலோ அந்தக் கரையில் வேறெங்கோ குழந்தைகளைக் கடலில் இறக்க முடியுமா? முடியாது. இதை நான் என் கட்சிக்கு எதிராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடலில் அடிக்கும் புயல் எழுப்பிய நீண்ட அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். காற்று இருக்காது, மேகம் இருக்காது, கடல் சாதுவாகத் தெரியும். திடீரென்று கரையேறி இழுத்துக்கொண்டு போய்விடும். ஏப்ரலும் மேயும்தான் அதற்குப் பருவம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. குமரிப் பக்கம் போகிறவர்கள் அறை பதிவு செய்வதோடு அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மே கடைசி வாரமென்றால் மழையும் தொடங்கிவிடலாம். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில்; குமரிக்கு அதன் முன்னோட்டம் அதற்கு முன்பே வந்துவிடும்.

ராமேஸ்வரத்தை நான் பல வருஷம் கோயில் ஊராக மட்டுமே பார்த்திருக்கிறேன். அது தப்பு என்று இந்தக் கணக்குப் போடும்போதுதான் உறைத்தது. தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் உள்ளதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் கோடையில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். வடக்குப் பக்கத்துக்கு நிலமே தடுப்பாக நிற்பதால் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது இது தலைகீழ். மே மாதத்தில் ஆறு வயதுப் பையனை இறக்கிவிட்டு நிம்மதியாக உட்காரக்கூடிய கடல், நாங்கள் எட்டக்கூடிய தூரத்தில், இந்தப் பெண் கடல் ஒன்றுதான்.

அதற்கும் ராமேஸ்வரம் ஊருக்குள் இடம் தேட வேண்டாம். அக்னி தீர்த்தக் கரையில் அலை இல்லைதான், ஆனால் தர்ப்பணக் கூட்டமும் விட்டெறிந்த துணிகளும். மண்டபம் என்ற ஊருக்கு முன்பே, உச்சிப்புளிப் பக்கம் பிரியும் சாலையில் அரியமான் கடற்கரை இருக்கிறது. கரையோரம் சவுக்குமரங்கள், அதாவது நிழல். தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரமே அங்கே கூடிவிடும் என்பதால் வாரநாள்தான் சரி. ஆழமில்லை என்பதற்காகக் கண்ணை எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. சொறி எனப்படும் ஜெல்லி மீன் ஒதுங்கியிருக்கிறதா என்று இறங்குமுன் கரையில் ஒரு நடை பார்த்துக்கொள்ளவும்.

தனுஷ்கோடியைச் சேர்க்காமல் இருக்க முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த ரயிலையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு ஜீப்பில் மணலில் குலுங்கிப் போன காலம் முடிந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவே கோடு போட்டதுபோல் சாலை. முதல் தடவை பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கே குளிப்பது தற்கொலைக்குச் சமம், இரண்டு கடலும் முட்டும் இடத்தில் நீரோட்டம் யாரையும் விடாது. நிழல் என்று பார்த்தால் அந்த இடிந்த சுவரின் நிழல் மட்டும்தான். ஆகவே விடிந்ததும் போய் எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். படங்களில் கூட்டமாக நிற்கும் பூநாரைகளை மே மாதத்தில் தேடாதீர்கள், அவை ஜனவரி, பிப்ரவரி விருந்தாளிகள்.

நடுப்பகல்தான் ராமேஸ்வரத்தின் பலவீனம். 1212 தூண்கள் கொண்ட கோயில் பிராகாரத்தைவிடக் குளிர்ச்சியான இடம் அந்தத் தீவில் கிடையாது, ஆனால் மிகவும் தேவைப்படும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை நடை சாத்திவிடுவார்கள். பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தில் ஒரு மணி நேரத்தைக் கழிக்கலாம், குழந்தைகளுக்கும் பிடிக்கும். மீதி நேரம் அறைதான். எனவே இங்கே அறை நன்றாக இருந்தாக வேண்டும். கோயில் வாசலுக்கு அருகே மலிவாக எடுப்பதைவிட, கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் இயங்கும் இடமாக எடுப்பது மேல். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். ஈரக் கல்தரையில் முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். கேட்பதாக இல்லை.

இப்படி எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், குழந்தை இல்லாத வீடாகவோ பிள்ளைகள் பதினைந்தைத் தாண்டிய வீடாகவோ இருந்திருந்தால் யோசிக்காமல் நாகர்கோவிலில் தங்கி முட்டம் என்று முடித்திருப்பேன். நடுப்பகல், சாப்பாடு, சூரியன் மூன்றிலும் அது முந்துகிறது. கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் குமரி, கடலில் இறங்கப் போகிறவர்களுக்குப் பாக் நீரிணை. எங்கள் ஏழு பேரில் இறங்கியே தீருவோம் என்பவர்கள் இரண்டு பேர், அந்த இரண்டு பேருடைய ஓட்டுக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். அம்மாவும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். தங்கை கடைசிவரை நடுநிலை வகித்தாள்.

மே முதல் வாரம், செவ்வாய் காலை மதுரையில் ஏறி வெள்ளி திரும்புவதாக முடிவு. அமாவாசை இடையில் வராமல் காலண்டரில் பார்த்தாயிற்று. அந்த நாளில் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. காரை விட்டுவிட்டு ரயில்தான். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தை மூடியதிலிருந்து மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த ரயில், 2025 ஏப்ரலில் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் வந்த பிறகு மறுபடியும் கடலைத் தாண்டுகிறது, மகனுக்கு அதைக் காட்ட வேண்டும். அரியமானுக்கு இரண்டு காலை, தனுஷ்கோடிக்கு ஒரு விடியல், கோயிலுக்கு ஒரு மாலையும் மறுநாள் அதிகாலையும்.

அப்பா நேற்று மறுபடியும் கேட்டார், விசைப்படகு ஓடாவிட்டால் மீனுக்கு என்ன செய்வது என்று. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகும் வள்ளமும் போகும், காலையில் கரைக்கு வந்தால் விலை கூடுதலாக இருந்தாலும் பிடித்த மீனைப் பார்த்தே வாங்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப விடியக்காலைல தனுஷ்கோடிக்கு நீங்க போங்க, நான் கரைக்குப் போறேன்" என்றார்.